வற்றுகிற குட்டைதான் நல்ல குட்டை: வீட்டுத் தோட்டத்தில் தவளைக்கும் தட்டானுக்கும் இடம் செய்வது எப்படி

வீட்டுத் தோட்டத்தில் குட்டை வெட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "மீனுக்கா, தவளைக்கா?" என்பதுதான். இரண்டுக்கும் ஒரே குட்டை சரிப்படாது. மீன் வளர்க்க வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். தவளையும் தட்டானும் பெருக வேண்டுமென்றால், ஐப்பசியில் நிறைந்து வைகாசியில் வற்றிவிடுகிற குட்டை வேண்டும். மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளங்களைத் தேடித்தான் நம் ஊர்த் தவளைகளில் பெரும்பாலானவை முட்டையிடுகின்றன. அங்கே மீன் இருக்காது என்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. குளிர்நாட்டு ஆட்கள் எழுதுகிற தோட்டக் குறிப்புகளில் "தண்ணீர் குறையவே விடாதீர்கள்" என்று இருக்கும். அது அவர்கள் ஊருக்குப் பொருந்தும். நம் ஊருக்கு நான் சொல்வது: வற்றட்டும், விட்டுவிடுங்கள்.

நாங்கள் இருப்பது செங்கல்பட்டுப் பக்கம், ஒரு காலத்தில் ஏரிப்பாசன வயலாக இருந்து மனையாகிவிட்ட இடத்தில். முதல் பெருமழை இரவில் தவளைகள் பழைய வரப்பைத் தேடி வருவதுபோல வந்து, காம்பவுண்டுச் சுவரில் முட்டி, தார்ச்சாலையில் நசுங்கிக் கிடக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வீட்டுக்குப் பின்னால் குட்டை வெட்டினோம்.

இடமும் ஆழமும்

வேம்பு, மா, புளி போன்ற பெரிய மரங்களின் அடியில் வேண்டாம். இலை விழுந்து அழுகித் தண்ணீர் கறுத்துவிடும். காலை வெயில் நான்கைந்து மணி நேரமாவது விழ வேண்டும், பிற்பகலில் கொஞ்சம் நிழல் கிடைத்தால் நல்லது. துணி துவைக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வந்து சேராத இடமாக இருக்கட்டும். செப்டிக் டேங்கிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். வீட்டுச் சுவருக்கும் குட்டைக்கும் நடுவே பதினைந்து அடியாவது விடுங்கள். ஏன் என்று பாம்பு பற்றிச் சொல்லும்போது புரியும்.

இடம் முடிவானதும் ஓர் அடிக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் உங்கள் மண் களி. களிமண்ணை மிதித்துக் குழைத்துப் பூசினாலே போதும், தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பிளாஸ்டிக் ஷீட் வேண்டியதில்லை. எங்கள் மண் செம்மண். விடிவதற்குள் குழி காய்ந்துவிட்டது.

ஆழத்தை முடிவு செய்வதுதான் இதில் முக்கியமான வேலை, ஏனென்றால் குட்டை எப்போது வற்றும் என்பது அதைப் பொறுத்தது. ஷீட் போட்ட குட்டையில் மண்ணுக்குள் நீர் இறங்காது. வெயிலில் ஆவியாவது மட்டும்தான் இழப்பு. தை மாதத்தில் நாளொன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் போலக் குறையும், அக்னி நட்சத்திரத்தில் கிட்டத்தட்ட அதன் இருமடங்கு. இரண்டரை அடி ஆழம் வைத்தால் மார்கழி முடிவில் நிறைந்து நிற்கிற குட்டை வைகாசியில் சேறாகிவிடும். ஓர் அடி மட்டும் வெட்டினால் மாசியிலேயே காய்ந்து, தாமதமாக இட்ட முட்டைகள் வீணாகும். நான்கு அடி வெட்டினால் வற்றவே வற்றாது, அப்புறம் மீன்தான் ஆளும். ஆகவே நடுவில் இரண்டரை அடி, அங்கிருந்து ஒரு பக்கம் முழுக்க ஐந்தடி தூரத்துக்குச் சரிந்து தரையோடு சேரட்டும். அந்தச் சரிவு இல்லாத குழியில் விழுந்தால் அணிலும் ஓணானும் ஏறி வர முடியாமல் செத்துப்போகும். இன்று வாலை உதிர்த்த தேரைக்குஞ்சுக்கும் அதுதான் படி.

வெட்டுகிற வேலையை வைகாசி, ஆனியில் கோடைமழை பெய்து மண் இளகியிருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி முடித்ததும் விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தாலும் குட்டை அந்த மட்டத்துக்கு மேல் நிறையாது.

கல், வேர்முனை எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, சலித்த மணல் இரண்டு அங்குலம், அதன்மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர் விரித்து, அதற்கு மேல் 500 மைக்ரான் பண்ணைக்குட்டை ஷீட். சாக்கையும் பழைய புடவையையும் அடியில் போட்டால் கரையான் தின்றுவிடும், பேனரைத் தொடாது. ஷீட்டின் அளவுக்கு, நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கையும் விளிம்புக்கு இரண்டு அடியையும் கூட்டுங்கள். அகலத்துக்கும் அப்படியே. எங்கள் குட்டை 10 அடிக்கு 8 அடி, ஆழம் இரண்டரை. வாங்கியது 17 அடிக்கு 15 அடி. ஷீட் எங்கேயும் வெயிலில் தெரியக்கூடாது. எரு கலக்காத தோட்டத்து மண்ணை நான்கு அங்குலத்துக்கு மேலே பரப்புங்கள். கோடை முழுக்க விதையும் கிழங்கும் தவளையும் தங்கப்போவது அந்த மண்ணில்தான். விளிம்பில் கருங்கல் அடுக்குங்கள். பெருச்சாளி வளை தோண்டி ஷீட்டைக் கடிக்கும் என்பதால் கல்லுக்கு அடியில் பொந்து விடாமல் மண்ணால் அடைத்துவிடுங்கள்.

தோட்டமே இல்லாதவர்கள் நான்கடி அகலக் கிணற்று உறை ஒன்றை இறக்கி, அடியைப் பூசிவிடலாம். புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு கக்கும். தண்ணீர் நிரப்பி வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள். உள்ளே சாய்வாக ஒரு கட்டையோ கல்லோ கட்டாயம் வேண்டும்.

காம்பவுண்டுச் சுவர் இருந்தால் அடியில் நாலு அங்குலத் துளை இரண்டு மூன்று விடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். துளை இல்லாவிட்டால் தவளை எந்த வழியாக வரும்?

தண்ணீரும் செடியும்

மழைத்தண்ணீரே போதும். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். எங்கள் குட்டைக்கு மூவாயிரம் லிட்டர்கூடத் தேவையில்லை. மாடிக் குழாயைக் குட்டைக்குத் திருப்பிவிட்டால் ஐப்பசியில் இரண்டு நல்ல மழைக்கு நிறைந்துவிடும். முதல் மழைத்தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், அதில் மாடியின் தூசியும் காக்கை எச்சமும் இருக்கும். குழாய்த் தண்ணீர்தான் வழி என்றால், குளோரின் போக ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்து ஊற்றுங்கள்.

செடியில் பேராசை வேண்டாம். அல்லி ஒன்று, கொட்டி கொஞ்சம், கரையோரம் நீர்ப்பிரம்மியும் வல்லாரையும், ஒரு மூலையில் கோரை. அல்லிக்கும் கொட்டிக்கும் கிழங்கு உண்டு; வறண்ட சேற்றில் உறங்கிக் கிடந்து மழைக்குத் துளிர்க்கும். கோரை தட்டானுக்காக. அதன் குஞ்சு தண்ணீரிலிருந்து ஏறிவந்து தோலுரிக்க அந்தத் தண்டு நல்ல ஏணி. வெங்காயத்தாமரையை அழகாக இருக்கிறதென்று ஒரு செடிகூடக் கொண்டுவராதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடியது போதும்.

நிறைந்த சில வாரங்களில் தண்ணீர் பச்சையாகும். பயந்துபோய்ப் படிகாரம், பிளீச்சிங் பவுடர் என்று போடாதீர்கள். அல்லி இலை பாதிப் பரப்பை மூடியதும் தானாகத் தெளியும்.

கொசு

அக்கம்பக்கத்தார் கேட்கப்போகும் முதல் கேள்வி இது, கேட்பது நியாயமும்கூட. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆனால் அது விரும்புவது எதிரி இல்லாத சிறு தேக்கங்களை: தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம். உயிர் நிறைந்த குட்டையில் அதன் புழு வளர்வது கஷ்டம். தட்டான் குஞ்சும், இரவில் பறந்துவந்து சேரும் மல்லாந்து நீந்தும் பூச்சிகளும் அதைத் தின்று தீர்த்துவிடும்.

இடையில் ஓர் ஆபத்தான காலம் உண்டு. புதுக்குட்டைக்கு முதலில் வருவது கொசு. அதைத் தின்பவை வந்து பெருக இரண்டு மூன்று வாரம் பிந்தும். அந்த நாட்களில் வெள்ளைக் கிண்ணத்தால் ஓரத்தில் மொண்டு பாருங்கள். வெள்ளையில் நெளிகிற புழு தெளிவாகத் தெரியும். மெல்லிய வலையால் தினமும் அரித்து எடுத்து மண்ணில் கொட்டுங்கள். நிறைய இருந்தால், கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ பாக்டீரியா மருந்தைப் பயன்படுத்தலாம். அது தவளையையும் தட்டானையும் ஒன்றும் செய்யாது. வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிற பெண்ணிடம் இதே கிண்ணத்தைத்தான் நான் நீட்டுவேன். முதல் தடவை வந்தபோது, "என்னம்மா, இவ்ளோ தண்ணி தேக்கி வச்சிருக்கீங்க?" என்று மருந்தைக் கையில் எடுத்துவிட்டாள். கிண்ணத்தில் புழுவுக்குப் பதில் தட்டான் குஞ்சு இரண்டு ஊர்வதைப் பார்த்துவிட்டு, "இது என்ன பூச்சிம்மா?" என்று உட்கார்ந்துவிட்டாள். ரசாயனப் புழுக்கொல்லி விழுந்தால் அந்தக் குஞ்சுகளும் சாகும், அப்புறம் கொசுவுக்குத்தான் கொண்டாட்டம் என்று எடுத்துச் சொன்னேன். வருகிறவர்களிடம் சண்டை போடாதீர்கள், கிண்ணத்தைக் காட்டுங்கள்.

கொசுவுக்கென்று கம்பூசியா மீனையோ கப்பியையோ யாராவது கொடுத்தால் வாங்கி விடாதீர்கள். கம்பூசியா அமெரிக்க மீன். கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். வற்றாத தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நம்மூர் முண்டக்கண்ணி போதும்.

யார் யார் வருவார்கள்

எதையும் பிடித்துக்கொண்டுவந்து விடவேண்டாம். ஆமை ஆசையே கூடாது, ஏரி ஆமையைப் பிடித்து வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தண்ணீர் நின்ற முதல் நாட்களிலேயே, சிமெண்ட் நிறத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தட்டான் வரும். உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரியாது, எழுந்து பறக்கும்போதுதான் தெரியும். மழைமேகத்தோடு கூட்டமாக வருகிற மஞ்சள் தட்டான் வாலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு முட்டையிடும். இந்த இனம்தான் மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவரை போகிறது. அது நம் பின்கட்டுக் குட்டையை நம்பி முட்டையிடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

தேரையின் முட்டை நீண்ட வழவழப்பான சரமாக, கறுப்பு மணி கோத்ததுபோல் செடியைச் சுற்றிக் கிடக்கும். ஐந்தாறு வாரத்தில் வாலை உதிர்த்துவிட்டு, கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத குட்டித் தேரைகள் கரையேறும். அந்த நாட்களில் கரையோரம் கால்வைக்கும் முன் குனிந்து பார்க்க வேண்டும். பெரிய வயல் தவளையின் ஆண் முதல் பெருமழைக்கு மஞ்சளாக மாறி, கழுத்தின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்ப இரவெல்லாம் கத்தும். தவளைக்காலுக்காக இவற்றை லட்சக்கணக்கில் பிடித்து ஏற்றுமதி செய்ததை 1987இல்தான் இந்தியா தடை செய்தது. மரத்தவளையின் வழி வேறு. தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையிலோ சுவரிலோ பின்னங்காலால் அடித்து நுரைக்கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். சில நாளில் குஞ்சுகள் நுரையிலிருந்து நழுவி நேரே தண்ணீரில் விழும். ஆகவே குட்டைக்கு மேல் சாய்ந்திருக்கிற கிளையை வெட்டாதீர்கள். நுரையை எச்சில் என்று நினைத்துக் கழுவிவிடவும் வேண்டாம்.

வீட்டுக்குள் தவளை வந்தால் உப்பைப் போட்டு விரட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. தவளைக்குத் தோல்தான் பாதி மூச்சு. உப்பு அந்தத் தோலை வாட்டிக் கொன்றுவிடும். ஈரமான முறத்திலோ டப்பாவிலோ தள்ளி வெளியே விட்டால் போதும்.

சங்கடங்கள்

குட்டை நமக்காக மட்டும் இல்லை என்பதைக் குருட்டுக்கொக்குதான் முதலில் காட்டும். விடிகாலையில் அசையாமல் நின்று, கால் முளைத்த தலைப்பிரட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கும். விரட்டாதீர்கள். ஒரு சரத்தில் ஆயிரக்கணக்கில் முட்டை இருப்பதே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அதைவிடக் கடினம், தண்ணீர்ப்பாம்பு தவளையைப் பின்காலிலிருந்து விழுங்குவது. தவளை கத்திக்கொண்டேயிருக்கும். என் பேத்தி அழுதுகொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள், நான் போகவில்லை. தண்ணீர்ப்பாம்புக்கு விஷம் இல்லை, சீண்டினால் கடிக்கும், அவ்வளவுதான். ஆனால் தவளை இருக்கும் இடத்துக்கு நல்ல பாம்பும் வரலாம், கட்டுவிரியனும் வரலாம். இதை மறைத்துவிட்டுக் குட்டை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. வீட்டுக்கும் குட்டைக்கும் நடுவே பதினைந்து அடி வெட்டவெளியாக, புல்லைக் குட்டையாக வெட்டி வையுங்கள். விறகு, செங்கல், ஓட்டுக் குவியல் அந்தப் பக்கம் வேண்டாம். பின்கதவின் அடி இடுக்கை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். இருட்டினால் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். ஆட்டாமல் 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

குழந்தை இருக்கிற வீட்டில் இரண்டு அங்குலத் தண்ணீரும் ஆபத்துதான். நடை பழகுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், குட்டையைச் சுற்றிக் கதவோடு கூடிய கம்பிவேலி போட்ட பிறகுதான் தண்ணீர் நிரப்ப வேண்டும்.

எனக்கு அதிகம் வலித்தது மிக்ஜாம் புயல் நேரத்தில். 2023 டிசம்பர் தொடக்கத்தில் தெருவும் குட்டையும் ஒரே வெள்ளமாகிவிட்டன. வடிந்த பிறகு பார்த்தால் உள்ளே ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், இன்று இல்லாத ஏரி இல்லை. பொங்கலுக்குள் தலைப்பிரட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. தட்டான் குஞ்சும் போயிற்று, வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டால் வெறும் கலங்கல். வலை போட்டு எடுத்தும் தீரவில்லை, கெண்டை அடியில் குழி பறித்துக் குஞ்சு பொரித்துக்கொண்டேயிருந்தது. நான் வேறொன்றும் செய்யவில்லை, குழாய்த் தண்ணீர் விடவில்லை, அவ்வளவுதான். சித்திரை முடியும்போது முழங்கால் தண்ணீரில் தெருப்பிள்ளைகள் இறங்கி அத்தனையையும் கையாலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வைகாசியில் சேறு வெடித்தது. அடுத்த ஐப்பசி மழைக்குத் தேரைச் சரம் பழைய இடத்திலேயே கிடந்தது. வற்றாத குட்டையாக இருந்திருந்தால் இன்றுவரை அது மீன்தொட்டிதான்.

வற்றும்போது மனசு கேட்காது. சுருங்கும் தண்ணீரில், தை மழைக்குப் பிந்திப் பிறந்த குஞ்சுகள் கறுப்பாக மொய்த்துத் துடிக்கும். என் வழக்கம் இது: பின்னங்கால் முளைத்துவிட்டவை நிறைய இருந்தால் தினம் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். இன்னும் சில நாளில் அவை கரையேறிவிடும். கால் முளைக்காதவை மட்டும் என்றால் விட்டுவிடுவேன். அவை மைனாவுக்கும் கொக்குக்கும் போய்ச்சேரும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது, ஆனாலும் ஊற்றமாட்டேன்.

வற்றிய மாதங்களில் பறவைகளுக்கு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினம் மாற்றி, வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை சட்டியின் சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

வண்டல் மூன்று நான்கு வருஷத்தில் அரையடி சேர்ந்துவிடும். காய்ந்த வைகாசியில், ஒரு வருஷம் குட்டையின் ஒரு பாதி, அடுத்த வருஷம் மறு பாதி என்று எடுங்கள். மண்வெட்டி வேண்டாம்: ஷீட் கிழியும், உள்ளே புதைந்து உறங்கும் தவளை வெட்டுப்படும். வெடித்த பாளங்களைக் கையால் பெயர்த்து, தவளை அகப்பட்டால் மறு பாதியின் சேற்றில் வைத்து ஈரச்சாக்கால் மூடுங்கள். கிழங்குகளைத் திரும்ப ஊன்றிவிட்டு, எடுத்த வண்டலை வாழைக்கும் கத்தரிக்கும் போடுங்கள். ஆடி பிறப்பதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள், இடிமழை எப்போது வேண்டுமானாலும் வரும்.